மக்காசர் நகரின் உதைபந்தாட்டக் கழகம்

இந்தோனேசியத் தீவுக் கூட்டத்தின் நடுவே, விரல்களை விரித்த கை போலக் கடலில் கிடக்கும் பெருந்தீவு சுலவேசி. அத்தீவின் தென்மேற்குக் கரையில் அமைந்துள்ள துறைமுகப் பட்டினம் மக்காசர். கிழக்குத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் ஒருகாலத்தில் இப்பட்டினத்தின் வழியாகவே உலகச் சந்தைகளை அடைந்தன. கோவா அரச மரபினர் ஆண்ட இந்நகரை 1669ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கம்பனியார் போரில் வீழ்த்தினர். அவர்களை இறுதிவரை எதிர்த்து நின்ற சுல்தான் ஹசனுதீனுக்குக் 'கீழ்த்திசைச் சேவல்' என்ற பட்டப்பெயர் வழங்கலாயிற்று.

இலங்கை நேயர்களுக்கு இந்நகர் முற்றிலும் அந்நியமானதன்று. மக்காசர் நாட்டவரான சேக் யூசுப் என்னும் சமயப் பெரியாரை 1684ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இலங்கைக்கே நாடு கடத்தினர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இங்கு தங்கியிருந்த பின்னரே அவர் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டார்.

அத்தகைய பழம்பெரும் பட்டினத்தில் நூறாண்டுக்கு மேலாக நிலைத்து வரும் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாறே இப்பேச்சின் பொருளாகும். மக்காசர் மக்கள் தம் வாழ்க்கைக்கு உரைகல்லாகக் கொள்ளும் சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று 'சிரி', மற்றொன்று 'பச்செ'. தமிழ்ச் செவிக்கு நகைப்பைக் குறிப்பதாகத் தோன்றும் முதற்சொல் அம்மொழியில் மானத்தைக் குறிக்கும். இரண்டாவது சொல், பிறர் படும் துன்பத்தைத் தன் நெஞ்சில் உறுத்தும் நோவாக உணர்வதைக் குறிக்கும். மானம் மட்டும் உடையவன் முழு மனிதன் ஆகான். இரக்கமும் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. கழகத்தின் ஆதரவாளர்களும் இவ்விரு சொற்களையே தம் அணியின் உயிர்மூச்சு என்பர். ஆதலால், அவர்களுடைய அளவுகோலைக் கொண்டே அவர்களுடைய கழகத்தை அளந்து பார்ப்பது பொருத்தமாகும்.

கழகம் பிறந்த நாள் 1915ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2ஆம் திகதி. அப்பொழுது அதற்கு இடப்பட்ட பெயர் ஒல்லாந்த மொழியில் 'மக்காசர் உதைபந்தாட்டச் சங்கம்' எனப் பொருள்படுவது. இந்தோனேசியாவில் இன்றும் நிலைத்திருக்கும் உதைபந்தாட்டக் கழகங்களுள் இதுவே மிகப் பழையது எனப் பலரும் கருதுவர். தொடக்கத்தில் அதனை நடத்தியோர் ஒல்லாந்தரே. நகரின் நடுவிலுள்ள கரேபோசித் திடலை அவர்கள் 'அரசர் சதுக்கம்' என்று பெயரிட்டு அழைத்தனர். ஆயினும், ஆளுவோரின் ஆட்டமாக வந்த இதனை ஆளப்பட்டோர் விரைவில் தமதாக்கிக்கொண்டனர். சாகி, சங்கலா என்னும் உள்ளூர் வீரர்கள் இருவர் அக்காலத்திலேயே புகழ்பெற்று, ஒல்லாந்தராலும் மதிக்கப்பட்டனர்.

இங்ஙனம் விரைவில் கைவரப்பெற்றமைக்கு ஒரு காரணம் உண்டு. காலால் பந்தாடும் கலை அம்மக்களுக்குப் புதியதன்று. பிரம்பினால் பின்னிய சிறு பந்தை நிலத்தில் விழவிடாது, காலாலும் முழங்காலாலும் தோளாலும் ஏந்தி ஆடும் 'செப்பாக் ராகா' என்ற ஆட்டம் அங்கே தொன்றுதொட்டு வழங்கி வந்தது. விழாக்களிலும் மணவீடுகளிலும் அது ஆடப்பட்டது. காற்றில் வரும் பந்தை உடலை வளைத்து எட்டி உதைக்கும் பயிற்சியை ஊர்ச் சிறுவர்கள் அப்பிரம்புப் பந்திடமே கற்றனர். தோற்பந்து வந்தபோது அவர்களுடைய கால்கள் ஏலவே பழகியிருந்தன.

1942ஆம் ஆண்டில் யப்பானியப் படைகள் வந்தன. ஒல்லாந்தப் பெயர்கள் யாவும் மறைந்தன. கழகமும் தன் பழைய பெயரைக் களைந்து, 'பெர்சத்துவான் செப்பாக்போலா மக்காசர்' என்னும் இந்தோனேசியப் பெயரைப் பூண்டது. இதன் முதலெழுத்துக்களே பி.எஸ்.எம். என்ற வழக்குப் பெயராயின. பிறந்தபோது ஒல்லாந்தர் வைத்த பெயர் போயிற்று. பெயர் மாற்றியவர்களும் மூன்றாண்டுகளில் போயினர். கழகம் மட்டும் எஞ்சியது. நாடு விடுதலை பெற்ற பின்னர் அகமது சக்காப் என்பவரின் தலைமையில் அது புத்துயிர் பெற்றது.

கழகத்தின் அடுத்த கட்டத்தை உணர்வதற்கு, அக்கால இந்தோனேசிய உதைபந்தாட்டத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் திகதி, சுரத்தின் என்னும் பொறியியலாளரின் முயற்சியால், யோக்யகார்த்தா நகரில் அனைத்திந்தோனேசிய உதைபந்தாட்டச் சங்கம் நிறுவப்பட்டது. அதனைத் தோற்றுவித்த ஏழு சங்கங்களும் யாவாத் தீவைச் சேர்ந்தவை. அடுத்த ஆண்டு தொடங்கிய நகரங்களுக்கிடையிலான சம்பியன் போட்டி, 'பெர்செரிக்கத்தான்' என்று பெயர் பெற்றது. ஒவ்வொரு நகரமும் தன் சங்கத்தின் சார்பில் ஓர் அணியை அனுப்பும். வென்றால் வெற்றி அந்நகரத்துக்கே உரியது. ஏறத்தாழ முதல் கால் நூற்றாண்டு முழுவதும் அப்பட்டம் யாவா நகரங்களின் கையை விட்டு நீங்கவில்லை. யகார்த்தா, சோலோ, யோக்யகார்த்தா, பண்டுங், சுரபாயா ஆகியவையே மாறி மாறி வென்றன. தலைநகரும் யாவாவில், ஆட்சியும் யாவாவில், ஆட்டத்தின் முடியும் யாவாவில் என்ற நிலை அது.

அந்நிலையை மாற்றிய ஆண்டு 1957. அவ்வாண்டு மக்காசருக்கு எளிய ஆண்டாக அமையவில்லை. வெளித்தீவுகளின் செல்வம் யாவாவுக்குச் செல்கிறது. யாவாவின் கவனம் வெளித்தீவுகளுக்கு வருவதில்லை என்ற மனக்குறை அங்கே முற்றியிருந்தது. மார்ச்சு 2ஆம் திகதி, வெஞ்சே சுமுவால் என்னும் படைத்தலைவர் மக்காசர் நகரிலேயே 'பெர்மெஸ்தா' என வழங்கும் அறிக்கையை வெளியிட்டார். பின்னர் அது ஆயுதக் கிளர்ச்சியாக வளர்ந்தது. தென்சுலவேசியின் காடுகளிலோ கஹார் முசாக்கரின் கிளர்ச்சி 1950 முதலே நடந்துகொண்டிருந்தது.

இத்தகைய ஆண்டிலேதான் மக்காசர் நகரம் நாட்டின் நான்காவது தேசிய விளையாட்டு விழாவை ஏற்று நடத்தியது. அதற்கென மத்தோவாங்கிங் என்னும் இடத்தில் விளையாட்டரங்கு ஒன்று எழுந்தது. அதனை எழுப்புவதில் முன்னின்ற படை அதிகாரி அண்டி மத்தலத்தாவின் பெயரே பிற்காலத்தில் அவ்வரங்குக்குச் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் பி.எஸ்.எம். அணி தேசிய சம்பியன் பட்டத்தை வென்றது. யாவாவுக்கு வெளியே அப்பட்டம் சென்றது அதுவே முதல் தடவையாகும். தலைநகரோடு பிணங்கி நின்ற ஒரு நாடு, தலைநகர் வகுத்த விதிகளின்படியே ஆடி வென்றது என்பதை எண்ணினால், அவ்வெற்றி மக்காசர் மக்களுக்கு எத்துணைப் பெரிதாயிருந்திருக்கும் என்பது விளங்கும். மானம் என்னும் அவர்களுடைய முதற்சொல் அன்று நிறைவு பெற்றது. 1959, 1965, 1966 ஆகிய ஆண்டுகளிலும் அக்கழகமே பட்டத்தைப் பெற்றது.

அந்தப் பொற்காலத்தின் நாயகன் ராமாங். மக்காசருக்கு வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாரு என்ற ஊரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் பிரம்புப் பந்தாட்டத்தில் பேர்பெற்றவர். மகனும் அப்பந்தைக் கொண்டே கால் பழகினார். பிழைப்பின் பொருட்டு மக்காசருக்கு வந்த அவர் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தும், லொறிகளில் உதவியாளாக நின்றும் வயிறு வளர்த்தார். மாலையில் பந்தாடினார். சுவார்டி, நூர்சலாம் என்னும் இருவரோடு அவர் முன்னணியில் சேர்ந்து நின்றபோது எதிரணிகள் அஞ்சின. தலைக்கு மேலாகச் செல்லும் பந்தை, உடலை மல்லாக்க எறிந்து, கால் மேலோங்கப் பின்புறமாக உதைத்துக் கோலாக்குவதில் அவருக்கு நிகர் அங்கே எவருமில்லை. பிரம்புப் பந்து கற்பித்த வித்தை அது.

1953ஆம் ஆண்டில் இந்தோனேசிய அணி மணிலா, ஹொங்கொங், பாங்கொக் ஆகிய நகரங்களுக்குச் சுற்றுலா சென்றது. அச்சுற்றுலாவில் அணி பெற்ற 25 கோல்களில் 19 கோல்களை ராமாங் ஒருவரே போட்டார் என்பர். மூன்றாண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 29ஆம் திகதி, மெல்பேண் ஒலிம்பிக் போட்டியில் இந்தோனேசியா சோவியத்து அணியை எதிர்த்து நின்றது. சோவியத்துக் கோல்காப்பாளராக நின்றவர் உலகப் புகழ் வாய்ந்த லெவ் யாசின். இந்தோனேசியப் பயிற்றுநர் யூகோசிலாவியரான போகாச்னிக். கோல்காப்பாளரோ மக்காசரில் பிறந்த மௌல்வி சாலான். முன்னணியில் ராமாங். மேலதிக நேரமும் ஆடி முடிந்தபோது இரு தரப்பும் ஒரு கோலும் பெறவில்லை. இரண்டு நாட்களின் பின் மீண்டும் ஆடப்பட்ட ஆட்டத்தில் சோவியத்து அணி 4–0 என வென்று, பின்னர் தங்கப் பதக்கத்தையும் பெற்றது. எனினும், அந்தத் தங்க அணியை ஒரு நாள் முழுதும் தடுத்து நிறுத்திய கதையை இந்தோனேசியர் இன்றும் மறந்திலர். அடுத்த ஆண்டு மே மாதத்தில், உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சீன அணியை யகார்த்தாவில் இந்தோனேசியா 2–0 என வென்றது. இரு கோல்களும் ராமாங்குடையவை. அச்சுற்றைக் கடந்தபின், இசுரேலுடன் நடுநிலை மண்ணிலன்றி ஆடோம் என்று கூறி இந்தோனேசியா விலகிக்கொண்டது. உலகக் கிண்ணத்தில் ஆடும் வாய்ப்பு ராமாங்குக்கு அதன்பின் கிட்டவேயில்லை.

இவ்விடத்திலேதான் இரண்டாவது சொல்லான 'பச்செ' நினைவுக்கு வருகிறது. அக்காலத்து ஆட்டம் ஊதியம் தரும் தொழிலன்று. அரங்கம் நிரம்பியது, ஆர்ப்பரிப்பு எழுந்தது, ஆனால் ஆடியவன் வீடு திரும்பும்போது அவன் மடியில் மிகுந்தது சிறிதே. ஆடும் வயது கடந்தபின் ராமாங் இளைஞருக்குப் பயிற்சி அளித்தார். முதுமையில் நுரையீரல் நோய் அவரைப் பற்றியது. தக்க மருத்துவத்துக்கு வேண்டிய பொருள் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வருந்திய அவர், 1987ஆம் ஆண்டு செப்ரெம்பர் 26ஆம் திகதி தம் எளிய வீட்டிலேயே உயிர் நீத்தார். பின்னர் கரேபோசித் திடலில் அவருக்குச் சிலை நாட்டப்பட்டது. கழகத்தின் அணியைப் 'பசுக்கான் ராமாங்', அதாவது ராமாங்கின் படை என்று மக்கள் அழைத்தனர். அவர் மறைந்து 25 ஆண்டுகள் நிறைந்த 2012இல், உலக உதைபந்தாட்டச் சம்மேளனமே அவரை நினைவுகூர்ந்து கட்டுரை வெளியிட்டது. சிலையும் கட்டுரையும் இறந்தவருக்கு வந்தன. உயிரோடிருந்தவருக்கு வேண்டியிருந்தது மருந்து.

கழகத்தின் பிற்கால வரலாறு, காத்திருத்தலின் வரலாறாகும். 1971ஆம் ஆண்டில் நகரின் பெயரே ஊஜுங் பண்டாங் என மாற்றப்பட்டது. 1999இல் பழைய பெயர் திரும்பும்வரை கழகமும் அப்பெயரையே தாங்கி நின்றது. 1966க்குப் பின் கால் நூற்றாண்டுக்கு மேல் பட்டம் எட்டாக் கனியாயிற்று. 1992இல் மேடான் நகர அணியை 2–1 என வென்று கழகம் அந்தத் தாகத்தைத் தீர்த்தது. ஈராண்டுகளின் பின், நகரச் சங்கங்களின் போட்டியும், 1979 முதல் தனியே நடந்துவந்த தொழில்முறைக் கழகங்களின் போட்டியும் ஒன்றாக இணைக்கப்பட்டு, இந்தோனேசிய லீக் பிறந்தது. 2000ஆம் ஆண்டு யூலை மாதத்தில் யகார்த்தாவின் செனாயன் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில், பி.எஸ்.எம். அணி பொந்தாங் நகரின் அணியை 3–2 என வென்று லீக் பட்டத்தையும் பெற்றது. மறுவருடம் ஆசியக் கழகச் சம்பியன் போட்டியின் கால் இறுதி ஆட்டங்கள் மக்காசரிலேயே நடந்தன. யப்பான், தென்கொரியா, சீனா ஆகிய நாடுகளின் சம்பியன் கழகங்கள் அங்கு வந்து ஆடின.

அதன்பின் மீண்டும் நெடுங்காத்திருப்பு. 2001இல் இறுதியாட்டத்தில் யகார்த்தாவின் பெர்சிஜா அணியிடம் 3–2 எனத் தோல்வி. 2003இல் இரண்டாம் இடம். 2004இலும் இரண்டாம் இடம். 2018இல் பெர்சிஜாவுக்கு 62 புள்ளிகள், பி.எஸ்.எம். அணிக்கு 61. ஒரே ஒரு புள்ளியால் பட்டம் கைநழுவிப் போயிற்று.

இதற்கிடையே பணத்தின் தொல்லையும் சேர்ந்தது. நகரச் சங்கங்களாகப் பிறந்த கழகங்கள் நெடுங்காலம் உள்ளூராட்சியின் பொதுப்பணத்தைக் கொண்டே நடந்தன. அவ்வுதவியை அரசாங்கம் தடைசெய்த பின்னர், கழகங்கள் வணிகக் கம்பனிகளாக மாற நேர்ந்தது. நாட்டின் உதைபந்தாட்ட நிருவாகமும் இரண்டுபட்டு நின்ற காலம் அது. பி.எஸ்.எம். கழகம் 2010–11 பருவத்தின் இடையிலேயே முதன்மை லீக்கை விட்டு நீங்கிப் போட்டி லீக் ஒன்றிற் சேர்ந்து, பின்னர் திரும்பி வந்தது.

2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி மத்தோவாங்கிங் அரங்கம் மகிழ்ச்சியில் திளைத்தது. இந்தோனேசியக் கிண்ண இறுதியின் முதலாட்டத்தில் யகார்த்தாவில் 1–0 எனத் தோற்றிருந்த அணி, அன்று சொந்த மண்ணில் பெர்சிஜாவை 2–0 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1957இல் எழுந்த அவ்வரங்கம் கண்ட கடைசிப் பெருவிழா அதுவே. அடுத்த ஆண்டு அதனைப் புதிதாகக் கட்டுவதெனக் கூறி இடித்துத் தள்ளினர். இடித்தல் விரைவாக நடந்தது, கட்டுதல் நடக்கவில்லை. நாட்டின் மிகப் பழைய கழகம் தன் நகரிலே வீடற்றதாயிற்று.

வீடற்றவர் அயலூரில் தங்குவது போல, அணி வடக்கே 150 கிலோமீற்றர் அளவு தொலைவிலுள்ள பாரேபாரே நகரின் ஹபீபி அரங்கைத் தன் களமாகக் கொண்டது. பன்னாட்டுப் போட்டிகளுக்கு அவ்வரங்கும் ஏற்கப்படாமையால், 2022 ஓகஸ்ட் மாதத்தில், தென்கிழக்காசியப் பிரிவின் இறுதியாட்டத்தைப் போர்ணியோத் தீவிலுள்ள பாலிக்பாப்பான் நகரிலே ஆட நேர்ந்தது. சொந்தக் களம் எனப் பெயர். கிடைத்ததோ கடல் கடந்த வேற்றுத் தீவு. அன்று கோலாலம்பூர் அணியிடம் 5–2 எனத் தோல்வியுற்றது.

அந்தப் பருவத்திலேயே நாட்டைத் துயரில் ஆழ்த்திய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. 2022 ஒக்டோபர் 1ஆம் திகதி, கிழக்கு யாவாவின் மலாங் மாவட்டத்திலுள்ள கஞ்சுருகான் அரங்கில், ஆட்டம் முடிந்தபின் பொலிசார் கண்ணீர்ப்புகை வீச, வாயில்களை நோக்கி ஓடிய கூட்டத்தில் நெரிசலுண்டு 135 பேர் மாண்டனர். லீக் ஆட்டங்கள் இரண்டு மாதம் நிறுத்தப்பட்டன. மானம் என்னும் உணர்ச்சி வெறியாக முற்றி, அதனை அடக்க வந்தோரும் இரக்கத்தை இழந்தால் விளைவது யாதென்பதை நாடு முழுவதும் அன்று கண்டது.

ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது, வீடற்ற மக்காசர் அணி முன்னே சென்றது. போர்த்துக்கேயரான பெர்னார்டோ தவாரெஸ் அதன் பயிற்றுநர். வில்யான் ப்ளூயிம் அதன் தலைவர். ப்ளூயிம் ஒல்லாந்து நாட்டவர். ஒல்லாந்தர் ஆளுவோராக இருந்து தொடங்கிய கழகத்தில், நூறாண்டு கடந்தபின், ஓர் ஒல்லாந்தர் ஊதியம் பெறும் வீரராக வந்து, மக்காசர் மக்களின் அன்புக்கு உரியவரானார். 2023 மார்ச்சு 31ஆம் திகதி, மதுராத் தீவின் பமெக்காசான் நகரில், மதுரா அணியை 3–1 என வென்று, 23 ஆண்டுகளின் பின் பி.எஸ்.எம். மீண்டும் நாட்டின் சம்பியனாயிற்று. பருவம் நிறைவுற்றபோது 34 ஆட்டங்களில் அது பெற்றிருந்த புள்ளிகள் 75.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கழகத்தின் பெயர் மாறியுள்ளது, நகரின் பெயர் மாறியுள்ளது, ஆளுவோர் மாறினர், லீக்குகள் மாறின, அரங்கமும் இடிந்து போயிற்று. மாறாது நின்றவை செந்நிறச் சட்டையும் அதனைக் காண வரும் மக்களுமே. அச்சட்டையின் நிறம் பற்றியே 'ஜூக்கு எஜா', அதாவது சிவப்பு மீன் என்று அவர்கள் தம் அணியைச் செல்லமாக அழைக்கின்றனர். மானம் என்ற அளவையில் கழகம் குறைபட்டதில்லை. யாவாவின் முடியை முதலில் பறித்ததும், வீடின்றியே சம்பியனானதும் அதற்குச் சான்று. இரக்கம் என்ற அளவையிலோ கணக்கு இன்னும் தீரவில்லை. இன்றைய வீரர்கள் ஊதியம் பெறுகின்றனர் என்பது உண்மை. ஆயினும், ஆடி ஓய்ந்தவரை ஊர் எவ்வாறு காக்கும் என்ற வினா மக்காசருக்கு மட்டும் உரியதன்று. வீரரைத் தோளில் சுமந்து மகிழும் ஊர்கள் அனைத்துக்கும் உரியது.

மக்காசரிலிருந்து பாரேபாரே செல்லும் கடற்கரைச் சாலை பாரு என்ற ஊரின் ஊடாகவே செல்கிறது. சம்பியன் பட்டம் வென்ற அந்தப் பருவத்தில் தம் அணியைக் காண வடக்கு நோக்கிப் பயணஞ் செய்த ஆதரவாளர்கள், போகும்போதும் திரும்பும்போதும் ராமாங் பிறந்த அவ்வூரைக் கடந்தே சென்றனர். அவர்கள் பாடிச் சென்ற அணிக்கும் அவர் பெயரே வழங்கியது.